சீனி கரையாத காலம்

எங்கள் ஊரில் கொஞ்ச காலம் டீயில் சீனி கரையாமல் இருந்தது. டீக்கடை சுடலைமணி அண்ணாச்சி டம்ளரைத் தலைக்கு மேலே தூக்கி ஆற்றினார், கரண்டியை விட்டுக் கலக்கினார், கையை மாற்றியும் கலக்கினார், ஆனாலும் சீனி போட்டது போட்டபடி அடியில் மணலாகக் கிடந்தது, அதற்கு மேலே டிக்காஷன் தனியாகவும் அதற்கும் மேலே பால் தனியாகவும், பேச்சுவார்த்தை நின்றுபோய் ஒரே வீட்டில் குடியிருக்கிற அண்ணன் தம்பிகளைப் போல ஒன்றை ஒன்று தொடாமல் நின்றன. முதல் நாள் பாலில் கோளாறு என்றோம், மறுநாள் சீனியில் கலப்படம் என்றோம், அதற்கப்புறம் பழகிவிட்டது. முதலில் பாலைக் குடித்து, பிறகு கசப்பைக் குடித்து, கடைசியில் சீனியை நக்கிவிட்டு வேலைக்குப் போனோம்.

ஊர் பெயர் வெள்ளாங்கரை. தூத்துக்குடிக்குத் தெற்கே, கடலுக்குப் பக்கத்தில், எங்கே பார்த்தாலும் கண் கூசுகிற உப்பளத்து ஊர். கடல் தண்ணீரைப் பாத்தியில் பாய்ச்சி, வெயிலில் காயவிட்டு, அடியில் தங்குகிற உப்பை வாரி அம்பாரம் அம்பாரமாகக் குவிப்பதுதான் எங்கள் பிழைப்பு. வெயில் எங்களுக்கு உறவு, மழை எங்களுக்குப் பகை, உப்பாச்சி அம்மன் எங்களுக்குத் தாய். ஆவணி கடைசியில் அவளுக்குக் கொடைவிழா நடத்துவோம். கொடையில் சாமியாடி எசக்கிமுத்து மேல் அம்மன் இறங்கி, என்ன வேண்டும் என்று கேட்பாள், ஊருக்கு வாயாக நின்று கோயில் தர்மகர்த்தா பொன்னுலிங்கம் பதில் சொல்லுவார், அவர் சொன்னதை நாங்கள் எல்லோரும் ஒரே குரலில் ஒரு தடவை திருப்பிச் சொல்லுவோம். சொன்னால் அது அம்மன் காதில் விழுந்ததாகக் கணக்கு.

மற்ற வருஷங்களில் கேட்பதற்கு எங்களுக்குப் பஞ்சமே கிடையாது, அம்மன் அலுத்துப்போய்ப் பாதியிலேயே மலையேறிவிடுவதும் உண்டு. அந்த வருஷம் பார்த்து எங்களுக்கு ஒன்றுமே தோன்றவில்லை. மழை தப்பி உப்பு பொங்கி விளைந்திருந்தது, விலையும் இருந்தது, தள்ளிப்போய்க்கொண்டிருந்த கல்யாணங்கள் நடந்திருந்தன, கப்பலுக்குப் போன பிள்ளைகள் போன் பேசினார்கள், கொடை வரி கொடுப்பதில்கூட யாரும் முறுக்கிக்கொள்ளவில்லை. கையைக் கட்டிக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து நின்றோம்.

"கேளுங்க மக்கா, எம்புட்டு நேரம் நிப்பேன்" என்றாள் அம்மன்.

பொன்னுலிங்கம் தலையைக் குனிந்து நின்றார். சித்திரையில்தான் அவர் மனைவி செண்பகவடிவு தவறியிருந்தாள். குறை சொல்ல எங்கள் ஊரில் உரிமை உள்ள ஒரே ஆள் அவர்தான். அவரே நிமிர்ந்து, "எல்லாம் இப்படியே இருக்கட்டும் தாயி" என்றபோது, இந்த மனசு யாருக்கு வரும் என்று எங்களுக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படியே இருக்கட்டும் தாயி என்று ஊரே சொன்னது, கைப்பிள்ளைக்காரிகள் பிள்ளையின் வாயிலிருந்தும் ஒரு சத்தத்தை வரவழைத்துச் சேர்த்துக்கொண்டார்கள். சாமியிடம் போதும் என்று சொன்ன ஊர் வேறு எங்கேயாவது உண்டா என்று எங்களை நாங்களே மெச்சிக்கொண்டு வெடி போட்டோம். குலவைச் சத்தத்துக்கு நடுவில் அம்மன் சரி என்றாள்.

அன்றிலிருந்து எதுவும் தான் இருந்த இடத்தை விட்டுப் பரவவில்லை, எதுவும் எதோடும் கலக்கவில்லை, எதுவும் ஆறவில்லை, எதுவும் கலையவில்லை. இதற்கு நாங்கள் என்ன செய்தோம் என்று கேட்டால், வசதியாகத்தான் இருந்தோம் என்று சொல்ல வேண்டும். காலையில் வடித்த சோறு ராத்திரி வரைக்கும் சூடு குறையாமல் கிடந்தது, அடுப்புச் செலவு மிச்சம். கூட்டின வாசல் கூட்டினபடி இருந்தது, விளக்குமாறுகளை எடுத்துப் பரணில் போட்டோம். வாரின தலை வாரினபடி, தேய்த்த சட்டை தேய்த்தபடி, ஊரே கல்யாண வீட்டுப் போட்டோவில் நிற்கிற மாதிரி நடமாடியது. சுகாதாரத்துறையிலிருந்து ஒருவர் வந்து சுற்றிப் பார்த்து, இந்த மாவட்டத்திலேயே இவ்வளவு சுத்தமான ஊரைக் கண்டதில்லை என்று ஒரு கேடயத்தைக் கொடுத்துவிட்டுப் போனார், அதன்மேல் அவருடைய விரல் ரேகைகூட அப்படியே இருந்தது.

இடைஞ்சல் இல்லாமல் இல்லை. குழம்பில் போட்ட உப்பு போட்ட மூலையிலேயே உட்கார்ந்துகொண்டது, அகப்பையில் யாருக்கு உப்பு விழுகிறது என்பது அவரவர் அதிர்ஷ்டமாகிப் போய், உப்பு விளைகிற ஊரில் உப்புக்காகப் புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை வந்தது. இட்லி மாவு பொங்க மாட்டேன் என்றது. மீன் வாசனை கூடையை விட்டு வெளியே வரவில்லை, மீன்காரி தொண்டை வலிக்கக் கத்தி விற்க வேண்டியிருந்தது, ஊர்ப் பூனைகள் எல்லாம் கண்ணெதிரே கூடை போவது தெரியாமல் மதில்மேல் படுத்துக்கிடந்தன. எல்லாவற்றையும்விட பீடிப் புகைதான் பெரிய தொல்லை. ஊதின இடத்திலேயே அது முகத்தளவு மேகமாக நின்றுவிடும், ஊதினவர் அதை அங்கேயே விட்டுவிட்டு நகர்ந்து போய்விடுவார், தெருவில் நடக்கிறவர்கள் கொடியில் காய்கிற துணியை ஒதுக்குவது போல யாரோ விட்ட புகைகளைக் குனிந்து குனிந்து கடந்து போனோம். இது யார் புகை என்று அடையாளம் சொல்லக்கூட ஆட்கள் இருந்தார்கள்.

அந்தச் சமயத்தில் பருவம் தப்பி ஒரு மழை பெய்தது. மற்ற நாளாக இருந்தால் ஓலையைத் தூக்கிக்கொண்டு அம்பாரங்களை மூட ஓடியிருப்போம், ஓடுவதற்குள் பாதி உப்பு பால் மாதிரி வழிந்து கடலுக்கே போயிருக்கும். அன்றைக்கு மழை பெய்தது, உப்பு நனைந்தது, கரையவில்லை. மலை மலையாக நின்ற உப்பின்மேல் தண்ணீர் கண்ணாடியில் வழிவது போல வழிந்து போயிற்று. நாங்கள் மழையில் நின்று ஆடினோம். மழையைப் பார்த்து ஆடியது எங்கள் தலைமுறையிலேயே அதுதான் முதல் தடவை. ஊரிலேயே பெரிய அளம் பொன்னுலிங்கத்தினுடையது, அவர் எங்களோடு ஆடவில்லை, வீட்டு வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். உப்பளத்தில் புதிதாக விட்ட தண்ணீர் வற்ற மறுத்து வெறும் தண்ணீராகவே நிற்பதைப் பற்றி யாரும் அவ்வளவாகப் பேசவில்லை. குவிந்தது குவிந்திருக்கிறதே, அப்புறம் என்ன.

முதலில் மனசுக்குள் ஏதோ உறுத்தியது அங்கன்வாடி டீச்சர் லிங்கக்கனிக்குத்தான். அவள் எங்கள் ஊர்ப் பெண், புருஷன் கப்பலில் வேலையாக இருந்தான், மகள் நிலானியும் அதே அங்கன்வாடியில்தான் படித்தாள், அதாவது விளையாடினாள். பிள்ளைகளுக்குக் கதை சொல்லும்போது லிங்கக்கனி தண்ணீர்க்குடம் தலையில் கவிழ்ந்த ராஜா மாதிரி முகத்தை வைத்துக் காட்டுவாள். எப்போதும் ஒரு பிள்ளை சிரிக்கும், அது அடுத்ததைத் தொற்றும், ஒரு நொடியில் கூரை கிளம்பும். இப்போது ஒரு பிள்ளை சிரித்தால் அது மட்டும் சிரித்தது. பக்கத்துப் பிள்ளை அதைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தது. சிரிப்புகூட உட்கார்ந்த இடத்தை விட்டு எழவில்லை என்று அவள் எங்களிடம் வந்து சொன்னாள், நாங்கள் கேட்டுக்கொண்டோம், பிள்ளைகள் ஒழுங்காக இருப்பதில் உனக்கு என்ன கஷ்டம் என்று அனுப்பிவிட்டோம்.

பிறகு நிலானிக்குக் காய்ச்சல் வந்தது. எல்லாம் நின்றுபோன ஊரில் காய்ச்சல் மட்டும் எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். வருவதற்கு யாரும் தடை கேட்கவில்லை, போவதற்குத்தான் கேட்டிருந்தோம். ஈரத்துணியை நெற்றியில் போட்டால் துணி குளிர்ச்சியாகவே இருந்தது, நெற்றி கொதிப்பாகவே இருந்தது, இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று இருந்தும் ஒன்றுக்கொன்று உதவவில்லை. லிங்கக்கனி அவளை டவுன் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். ஊரைத் தாண்டினால் சரியாகிவிடும் என்று நினைத்தோம், ஆனால் நாங்கள் எங்கே போனாலும் சொன்ன சொல்லும் கூடவே வந்தது. மாத்திரை வயிற்றில் முழுசாகக் கிடந்தது, ஊசி போட்ட மருந்து போட்ட இடத்தில் கோலிக்குண்டாகத் திரண்டு நின்றது. அங்கே இருந்த டாக்டரம்மா அதைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்ச நாள் இப்படியே இருந்தால் பிள்ளை உடம்பு தாங்காது என்று உள்ளதைச் சொன்னாள். மருந்து இருக்கிற இடம் இதில்லை என்று லிங்கக்கனிக்குப் புரிந்துவிட்டது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு மகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஊருக்கே திரும்பினாள்.

மறுநாள் காலையில் அங்கன்வாடிப் பிள்ளைகள் எல்லாம் அவள் வீட்டு முற்றத்துக்கு வந்துவிட்டன. டீச்சர் வரவில்லை என்றால் டீச்சர் இருக்கிற இடம்தான் அங்கன்வாடி என்று அவர்களாகவே முடிவு செய்துகொண்டார்கள், பாயைக்கூட இழுத்துக்கொண்டு வந்திருந்தார்கள். பின்னாலேயே வந்த நாங்கள் வேலியோரமாக நின்றோம். லிங்கக்கனி கதவுநிலையில் சாய்ந்து நின்றாள், உள்ளே கட்டிலில் நிலானி கண்ணை மூடிக் கிடந்தாள்.

"நிலானிக்கு எப்ப காய்ச்ச போவும் டீச்சர்?" என்று தர்ஷினி கேட்டாள். ஓட்டைப் பல், ஒரு கேள்வியோடு நிறுத்துகிற பிள்ளை இல்லை.

"போயிரும்டா."

"எங்க போவும்?"

லிங்கக்கனி அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டாள் என்றுதான் சொல்ல வேண்டும். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு முற்றத்துக்கு இறங்கிப் பாயை விரித்தாள். அங்கன்வாடிப் பாயில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு படம் உண்டு, ஒருத்திக்கு மயில், ஒருத்தனுக்கு பஸ், இன்னொருத்தனுக்குக் கத்திரிக்காய், அவரவர் படத்தின்மேல்தான் அவரவர் உட்கார வேண்டும்.

"எல்லாரும் ஒங்க படத்து மேல உக்காருங்க பாப்போம்" என்றாள். உட்கார்ந்தார்கள். "இப்ப எந்திரிச்சு ஓடுங்க. நான் கை தட்டுனதும் எங்க நிக்கியளோ அங்கனயே உக்காரணும்."

ஓடினார்கள். கை தட்டினாள். ஒன்று வேப்பமரத்தடியில், ஒன்று அம்மிமேல், ஒன்று எங்கள் காலுக்கடியில், இரண்டு ஒன்றின்மேல் ஒன்றாக உட்கார்ந்தன. படத்தின்மேல் யாரும் இல்லை. மறுபடி ஓடச் சொன்னாள், மறுபடி தட்டினாள், அப்போதும் இல்லை. எத்தனையோ தடவை ஓடியும், எல்லோரும் அவரவர் படத்தின்மேல் வந்து விழுகிற மாதிரி ஒரு தடவைகூட அமையவில்லை.

"தன்னால ஏன் வர மாட்டேங்கிய?" என்று கேட்டாள்.

பிள்ளைகள் யோசித்தன. தர்ஷினிதான் சொன்னாள். "எம் படம் ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு டீச்சர். மத்த எடம் நெறைய இருக்கு."

"அதாம்டி தங்கம்" என்றாள் லிங்கக்கனி. "சரியா உக்கார ஒரு எடம், கலைஞ்சு உக்கார நெறைய எடம். யாரும் புடிச்சு வைக்கலைன்னா எல்லாம் நெறைய எடம் இருக்கப் பக்கம்தான் போவும். சீனி டீ பூராவும் போவும், புகை தெரு பூராவும் போவும். சூடும் அப்படித்தான். நிலானி ஒடம்புக்குள்ள சூடு நெருக்கியடிச்சு உக்காந்திருக்கு. வெளிய நெறைய எடம் கெடக்கு. அது எந்திரிச்சு அங்க போனா அதுக்குப் பேருதான் காய்ச்ச போறது."

"திரும்பி வருமா?"

"தன்னால வராது. ஒங்களத் திரும்பப் படத்து மேல உக்கார வைக்கணும்னா நாந்தான் ஒவ்வொருத்தரா தூக்கிட்டு வரணும், எனக்குல்லா மூச்சு வாங்கும். சூட்டத் தூக்கிட்டு வர யாரு இருக்கா."

"அப்ப ஏன் போகல?"

"எந்திரிக்காதன்னு சொல்லிட்டோம்டா. கொடையில நாமதான் சொன்னோம்."

தர்ஷினிக்கு இது ஒரு பெரிய விஷயமாகவே படவில்லை. "அப்ப எந்திரின்னு சொல்லுங்க" என்றாள்.

வேலியோரம் நின்ற நாங்கள் தலையைக் குனிந்துகொண்டோம். இவ்வளவு நாளும் இது எங்களுக்குத் தெரியாமல் இல்லை, அவரவர் வீட்டில் சோறு சூடாக இருந்ததால் வாயைத் திறக்காமல் இருந்தோம்.

அன்று மத்தியானமே கோயிலில் கூடினோம். எசக்கிமுத்துவுக்கு உடுக்கடித்து அம்மனை வரவழைத்தோம், அவள் கோபமாக வரவில்லை, தூக்கத்திலிருந்து எழுந்து வருகிறவளைப் போல வந்தாள். "ஒரு வாயாக் கேட்டிய. ஒரு வாயாத் திருப்பிக் கேளுங்க. ஒரு வாய் கொறஞ்சாலும் எனக்குக் கேக்காது" என்றாள். லிங்கக்கனி மகளைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நின்றாள். போதும் தாயி, எல்லாம் கலைஞ்சு போகட்டும் என்று ஊரே சொன்னது. சொல்லிவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். ஏற்றின பத்திப் புகை குச்சி மாதிரியே நட்டுக்கொண்டு நின்றது. லிங்கக்கனி நிலானியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், கொதிப்பு அப்படியே இருந்தது.

பொன்னுலிங்கத்தின் உதடு அசையவில்லை என்பதை எல்லோரும் பார்த்திருந்தோம்.

"உப்புக் கரஞ்சிரும்னு பாக்கேரு" என்றார் சுடலைமணி அண்ணாச்சி, அவர் கேட்கும்படியாகவே. "பச்சப்புள்ளய விட உப்பு பெருசாப் போச்சு." இன்னும் சில பேர் இன்னும் சில சொல்லைச் சொன்னார்கள், அவற்றை இங்கே எழுத வேண்டாம். பொன்னுலிங்கம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார். எங்கள் கோபம் அவரைப் பின்தொடர்ந்து போகவில்லை, நின்ற இடத்திலேயே நின்று கொதித்துக்கொண்டிருந்தது.

லிங்கக்கனி பிள்ளையை எங்களிடம் கொடுத்து வீட்டில் படுக்கவைக்கச் சொல்லிவிட்டு அவர் பின்னாலேயே போனாள். அங்கே நடந்ததை அவள்தான் பிறகு எங்களுக்குச் சொன்னாள்.

அவர் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். இவளைப் பார்த்ததும் எழுந்து, உள் அறைக்குக் கூட்டிப்போய், மர அலமாரியைத் திறந்து, ஒரு சேலையை எடுத்து நீட்டினார். அரக்கு நிறத்தில் மெல்லிய பருத்திச் சேலை, மடிப்பு கலைந்திருந்தது.

"மோந்து பாரு கனி" என்றார்.

அந்தக் காலத்தில் எதையும் முகத்தைப் புதைத்தால்தான் முகர முடியும். லிங்கக்கனி முகத்தைப் புதைத்தாள். செண்பகவடிவு அங்கே இருந்தாள். பல்வலிக்காக எப்போதும் கன்னத்தில் அடக்கியிருக்கிற கிராம்பு, தேங்காய் எண்ணெய், வெயிலில் காய்ந்த துணி, அதற்கெல்லாம் அடியில் பெயர் சொல்ல முடியாத அவளுடைய வாசனை.

"அத்தையேதான் மாமா" என்றாள்.

"அவ போன பெறவு தெனமும் மோந்தேன். மோக்க மோக்கக் கொறஞ்சு போச்சு. நான் மோந்துதான் அதத் தீக்குதேன்னு தெரியும், மோக்காம இருக்கவும் முடியல. கொடையன்னைக்குக் காலைல பாக்கேன், நூலாட்டம்தான் இருக்கு. நாளைக்கு இருக்காது." அவர் சேலையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். "நான் ஊருக்காகக் கேக்கலம்மா. இதுக்காகத்தான் கேட்டேன். ஒங்களுக்கு அது நல்லதாப் பட்டுது, சேந்து சொல்லிட்டிய."

என் பிள்ளையை விடவா என்று கேட்க வேண்டும் என்றுதான் அவள் வந்திருந்தாள். அந்தச் சேலையை முகர்ந்த பிறகு அதைக் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை, நின்று அழுதாள். அவரும் அழுதார். எங்கள் ஊரில் அப்போது கண்ணீர்கூட விழுந்த இடத்தில் மணி மணியாக நின்றது.

கொஞ்ச நேரம் கழித்து அவர் கேட்டார். "காலைல பிள்ளைகளுக்கு என்னமோ சொல்லிக் குடுத்தியாம்லா. எனக்கும் சொல்லு."

அவள் சொன்னாள். பாயையும் படத்தையும் சொன்னாள், ஓடினதையும் கை தட்டினதையும் சொன்னாள், தர்ஷினி சொன்னதை அவள் சொன்னபடியே சொன்னாள். அவர் பால்வாடிப் பிள்ளை மாதிரி வாயைப் பார்த்துக் கேட்டார்.

"அப்ப இதுவும் நெறைய இருக்கப் பக்கம் போகத்தான் பாக்குது."

"ஆமா மாமா."

"போனா திரும்ப வருமா?"

"வராது மாமா. ஒங்ககிட்ட நான் பொய் சொல்ல மாட்டேன். அது இல்லாமப் போயிராது, ஒரு எடத்துல இருக்கது எல்லா எடத்துக்கும் போயிரும். பெறவு யாராலயும் பெறக்கிச் சேக்க முடியாது."

"அப்ப நான் எங்க போயி மோப்பேன்?"

"தெரியல மாமா" என்றாள் அவள்.

அவர் தலையை ஆட்டினார். வேறு யாராவது வேறு ஏதாவது ஆறுதல் சொல்லியிருந்தால் எழுந்திருக்க மாட்டேன் என்று பிறகு ஒரு நாள் அவரே சொன்னார். சேலையை மடித்துப் பழைய இடத்தில் வைத்தார். அலமாரியைப் பூட்டவில்லை, சாத்தவும் இல்லை, ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டு, வாசற்கதவையும் விரியத் திறந்துபோட்டுவிட்டு, லிங்கக்கனி வீட்டுக்கு நடந்து வந்தார்.

நாங்கள் வழி விட்டோம். அவர் கட்டிலோரம் உட்கார்ந்து நிலானியின் நெற்றியில் கை வைத்தார், சுட்டது போல ஒரு தடவை கையை எடுத்தார், மறுபடி வைத்தார். அம்மனுக்கு நாங்கள் எல்லோரும் சொல்லியாகிவிட்டது, அவர் ஒரு வாய்தான் பாக்கி. கோயில் இருக்கிற திசையைக்கூட அவர் பார்க்கவில்லை, பிள்ளையின் முகத்தைப் பார்த்தபடியே சொன்னார்.

"போதும் தாயி. கலைஞ்சு போகட்டும்."

முதலில் தெருவில் நின்ற புகைகள் அசைந்தன. அவற்றின் ஓரங்கள் நெகிழ்ந்து, இது யாருடையது என்று சொல்ல முடியாதபடி ஒன்றோடொன்று சேர்ந்து, மெலிந்து, வானத்தோடு போயின. சுடலைமணி அண்ணாச்சியின் கடையில் வரிசையாக இருந்த டம்ளர்களில் பாலும் டிக்காஷனும் ஒன்றையொன்று தழுவிக்கொண்டு சுழன்றன, சீனி சத்தமில்லாமல் காணாமல் போயிற்று. மீன்கூடை தன் இருப்பை ஊருக்கே அறிவித்தது, பூனைகள் மதிலிலிருந்து குதித்தன. வானம் மேகமூட்டமாக இருந்ததால் ஆண்கள் ஓலைக்கு ஓடினார்கள், யாரும் சொல்லாமலே எல்லோரும் முதலில் பொன்னுலிங்கத்தின் அம்பாரங்களைத்தான் மூடினார்கள். வாரின தலைகள் எல்லாம் கலைந்தன. யாரோ ஒரு பிள்ளை எதற்கோ சிரித்தது, அது அடுத்ததைத் தொற்றியது, முற்றம் முழுக்கப் பிள்ளைகள் காரணம் தெரியாமல் சிரித்தார்கள், வேலியோரம் நின்ற நாங்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தோம்.

அப்போது எங்கள் ஒவ்வொருவருடைய உள்ளங்கையிலும் ஒரு இளஞ்சூடு வந்து தட்டியது. உப்பளத்தில் ஓலை இழுத்தவனுக்கும் வந்தது, குழாயடியில் குடம் வைத்தவளுக்கும் வந்தது, கோயிலில் அசந்து படுத்திருந்த எசக்கிமுத்துவுக்கும் வந்தது. அது நிலானியின் காய்ச்சல் என்று யாரும் சொல்லாமலே எங்களுக்குத் தெரிந்தது. ஒரு பிள்ளைக்குத் தாங்க முடியாமல் இருந்தது ஊருக்குப் பங்கிட்டபோது, கைப்பிள்ளையின் உச்சந்தலையைத் தொட்ட அளவுக்குத்தான் இருந்தது. கையை மூடி அதை வைத்துக்கொள்ளப் பார்த்தோம், அது அங்கிருந்தும் போய்விட்டது. நிலானியின் மேலுதட்டில் வேர்வை அரும்பியது. லிங்கக்கனி அந்த வேர்வையைத் துடைக்கவில்லை, குனிந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அதன் பின்னால்தான் அந்த வாசனை வந்தது. ஜன்னல் வழியாகவும் வாசல் வழியாகவும் வெளியேறித் தெருத்தெருவாக வந்திருக்க வேண்டும். ஆளுக்கு ஒரு நொடி, அவ்வளவுதான்.

சாயங்காலம் நிலானி எழுந்து உட்கார்ந்து பசிக்கிறது என்றாள். பொன்னுலிங்கம் இன்னும் கட்டிலோரத்திலேயே இருந்தார், வீட்டுக்குப் போக அவருக்குத் தைரியம் இல்லை என்று எங்களுக்குத் தெரியும். லிங்கக்கனி கஞ்சி வைத்துக்கொண்டு வந்தாள், அவர் கிண்ணத்தைத் தன் கையில் வாங்கிக்கொண்டார். அப்போது சுடலைமணி அண்ணாச்சி வாசலில் வந்து தயங்கி நின்றார். மத்தியானம் பேசின பேச்சுக்கு மன்னிப்புக் கேட்க வந்தவர் அதைக் கேட்கவில்லை, வேறொன்றைச் சொன்னார்.

"அண்ணாச்சி, இப்பம் மைனி நம்ம கடைப்பக்கம் வந்தாவ. டீ ஆத்திக்கிட்டு நிக்கேன், கிராம்பு வாசம். திரும்பிப் பாத்தேன்."

பொன்னுலிங்கம் நிமிர்ந்து பார்த்தார். "எங்கன நின்னிய?"

"பாய்லருக்கு இங்கிட்டு."

"நல்லாத் தெரிஞ்சுதா?"

"வடிவு மைனியேதான்."

அவருக்குப் பின்னால் குழாயடியில் நின்றவள் வந்தாள், எனக்கும் வந்தது சித்தப்பா என்றாள். உப்பளத்தில் ஓலை மூடினவர்கள் வந்தார்கள், அம்பாரத்து உச்சியில் வந்தது என்றார்கள். எசக்கிமுத்து வந்தார். மீன்காரி வந்தாள், என் மீன் நாற்றத்தையும் மீறி வந்தது என்று பெருமையாகச் சொன்னாள். முற்றம் நிறைந்து தெருவரைக்கும் ஆட்கள் நின்றோம், அவரவருக்கு வந்த நொடியை அவரவர் கையில் ஏந்திக்கொண்டு நின்றோம், அவர் ஒவ்வொருவரிடமும் எங்கே நின்றாய், எப்படி இருந்தது என்று விசாரித்துக்கொண்டே இருந்தார்.

"தாத்தா, கஞ்சி" என்றாள் நிலானி.

அவர் ஒரு கரண்டி எடுத்து அவள் வாயருகே கொண்டு போனார். சுடுது என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் பதறிக் கரண்டியைப் பின்னுக்கு இழுத்தார், என்ன செய்வது என்று தெரியாமல் எங்களை ஒரு தடவை பார்த்தார். பிறகு நினைவு வந்தவராக உதட்டைக் குவித்து, மெதுவாக ஊதினார். ஆவி கலைந்து அவர் முகத்துக்கு முன்னால் போயிற்று. இன்னொரு தடவை ஊதித் தன் உதட்டில் வைத்துப் பார்த்தார்.

கஞ்சி ஆறியிருந்தது.